செங்கற்பட்டுச் சீமையும் சந்தைக் கணக்கும்

வணிகவியல் பயிலும் மாணவர்கள் இன்று ‘சந்தை ஆய்வு’ என்று ஒரு பாடம் படிக்கின்றனர். ஒரு பண்டத்தை யார் வாங்குவர், எத்தனை பேர் வாங்குவர், என்ன விலை கொடுப்பர் என்பவற்றை வீடு வீடாகவும் கடை கடையாகவும் கேட்டறிந்து, கேட்டவற்றை எண்ணாக்கி, எண்களை அட்டவணையாகவும் படமாகவும் அமைத்து, அவற்றினின்று ஒரு முடிவுக்கு வருவதே அப்பாடத்தின் சாரம். இது மேனாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய புதுக்கலை என்று பலர் எண்ணுகின்றனர். பெயர் புதியதுதான், பொருள் மிகப் பழையது. அதை விளக்கத் தொலைதூர நாடுகளுக்குப் போக வேண்டுவதில்லை. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள நமது சீமையும், அதன் இருமருங்கும் நீண்டு கிடக்கும் கடற்கரையுமே போதும். இந்நிலத்தை எண்ணியவர் பலர். எண்ணியதைச் சரியாகப் படித்தவர் சிலர்.

கிறிஸ்து பிறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கிரேக்க மொழி பேசும் வணிகன் ஒருவன் எழுதிவைத்த ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் சிறு நூலை எடுத்துக்கொள்வோம். எழுதியவன் பெயர் நமக்குத் தெரியவில்லை. அவன் காவியம் பாட வந்தவனல்லன். இந்தத் துறைமுகத்தில் இந்தச் சரக்கு விலைபோகும், இன்ன சரக்கு வாங்கலாம், இன்ன மாதத்தில் கப்பல் புறப்பட வேண்டும் என்று பின்வரும் வணிகருக்குச் சொல்லிச் செல்கின்றான். நமது கரையில் காமரா, பொதுக்கே, சோபத்மா என்னும் மூன்று துறைகளை அவன் குறிக்கின்றான். சோபத்மா என்பது மாமல்லபுரத்திற்குத் தெற்கேயுள்ள மரக்காணமே என்று அறிஞர் பலர் கொள்வர். மேலைக் கரைத் துறைகளைப் பற்றி விரிவாக எழுதும் அவ்வாசிரியன், கீழைக் கரைக்கு வந்ததும் சுருக்கிக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். இக்கரையை அவன் நேரில் கண்டிருக்கமாட்டான், பிறரிடம் கேட்டே எழுதியிருப்பான் என்று ஆராய்ச்சியாளர் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம். பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970-ஆம் ஆண்டளவில் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அவன் ஏட்டில் விரித்துரைக்காத வாணிகத்தை இந்த ஓடுகள் உறுதி செய்தன. ஓர் அறிக்கையில் ஒரு செய்தி இல்லை என்பதனால் அச்செய்தியே உலகில் இல்லை என்று முடிவு கட்டலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளைத் தாண்டி வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இக்கரைக்கு வந்தனர். சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் கட்டிய கோட்டையின் மதில்களும் கல்லறைகளும் இன்றும் நிற்கின்றன. அவர்கள் நாடி வந்தது நமது துணி. ஆயினும் அத்துணியை முதன்மையாகத் தம் நாட்டிற்குக் கொண்டுபோக அவர்கள் வரவில்லை. கீழைத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமாயின், அங்குள்ள மக்கள் வெள்ளியைவிட நமது துணியையே விரும்பிக் கேட்டனர். 1612-இல் ஹென்றிக் பிரௌவர் என்னும் ஒல்லாந்து அதிகாரி, சோழமண்டலக் கரையை மொலுக்காத் தீவுகளின் இடக்கை எனத் தம் மேலவர்களுக்கு எழுதினார். ஒரு தீவினர் விரும்பும் சிவப்புக் கரையை அடுத்த தீவினர் தொடமாட்டார்கள். நீளம் குறைந்தாலும் நிறம் மங்கினாலும் சரக்கு கிடங்கில் தேங்கிவிடும். ஆகையால் இன்ன நிறம், இன்ன கரை, இன்ன அளவு என்று தீவுகளிலிருந்து பட்டியல் வரும். மாதிரித் துண்டுகளும் உடன் வரும். அவற்றைப் பார்த்தே இங்குள்ள நெசவாளரிடமும் சாயக்காரரிடமும் அச்சாரம் கொடுத்தனர். வாங்குவோர் விருப்பத்தை அறிந்து சரக்குச் செய்வது என்னும் கொள்கையை அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. தேங்கிய சரக்கின் நட்டம் கற்பித்தது.

ஆங்கிலேயருடைய கதை இன்னும் சுவையானது. பிரான்சிஸ் டே என்பவர் ஆறுமுகம் எனப்பட்ட துர்க்கராயபட்டினத்துக் கிடங்கின் தலைவர். அவ்விடம் வாணிகத்துக்கு ஏற்றதாக இல்லை. 1637-இல் அவர் புதிய இடம் தேடித் தெற்கே புதுச்சேரி வரை கரையைப் பார்வையிட்டார். மாமல்லபுரத்துக் கோபுரங்களை அடையாளம் வைத்தே அக்காலத்து மாலுமிகள் இக்கரையை அறிவர். அவரும் அவற்றைக் கண்டிருப்பார். இறுதியில் 1639-இல் மதராசபட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு அவர் சொன்ன முதன்மையான காரணம் ஓர் எண். இவ்விடத்தில் நீளத்துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 பங்கு மலிவு என்பது அவ்வெண். அந்த ஓர் எண்ணின்மேல் ஒரு பெருநகரமே எழுந்தது எனலாம்.

மாணவர்களே, அந்த ‘நூற்றுக்கு 20’ என்பதைச் சற்று நிறுத்திப் பாருங்கள். எந்த ஊர் விலையோடு ஒப்பிட்டு 20? எத்தனை பேரைக் கேட்டு? ஒரே தரத்துத் துணியைத்தான் இரண்டிடத்திலும் பார்த்தாரா? அவ்விலைக்கு ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் துண்டுகள் கிடைக்கும்? பத்துத் துண்டுக்கு உள்ள விலை பதினாயிரம் துண்டுக்கும் நிற்குமா? மேலும், சொல்பவர் யார் என்பதும் ஒரு கேள்வியே. தாம் விரும்பிய இடத்திற்கு இசைவு பெறவேண்டியவர் அவர். அண்டையிலிருந்த சாந்தோமில் அவருக்குத் தனிப்பட்ட நாட்டம் ஒன்று இருந்ததென்று அந்நாளிலேயே ஒரு வம்பும் உண்டு. மாணவர் முன்னிலையில் நான் அதனை விரிப்பதற்கில்லை. ஆனால் ஓர் அறிக்கையின் எண்ணை மதிப்பிடும்போது, அவ்வெண் உண்மையானால் யாருக்கு நன்மை என்று கேட்பது வம்பன்று. அது ஆராய்ச்சியின் முதற்படி. கோட்டை கட்டிய செலவைக் குறித்து இலண்டனிலிருந்த இயக்குநர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தனர். பின்னர்க் கம்பெனியார் நெசவாளரை வெளியூர்களிலிருந்து வருவித்துச் சலுகை கொடுத்துக் குடியேற்றவேண்டியிருந்தது. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டை உண்டான வரலாறு அதுவே. மலிவு என்பது தானாக அங்கே விளைந்து கிடக்கவில்லை.

இனி, நம் சீமையின் பெரிய கணக்கிற்கு வருவோம். 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனியார் அதனைத் தாமே ஆளாமல் 1780 வரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தனர். குத்தகைக்கு விடுபவனுக்கு ஒரு கவலை உண்டு: சொத்தின் உண்மையான மதிப்பு என்ன, நாம் ஏமாறுகின்றோமா என்பதே அது. தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் 1767-ஆம் ஆண்டு தொடங்கி 1774 வரை இச்சீமையை அளந்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் கணக்கு சேர்ந்தது. எத்தனை வீடுகள், அவற்றில் என்னென்ன தொழிலினர், எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, மானிய நிலம் யார் யாருக்கு, விளைச்சல் எவ்வளவு, அதில் யாருக்கு எந்தப் பங்கு என்பன எல்லாம் அதில் உண்டு.

இக்கணக்கின் அடிப்படை ஓலை. ஒவ்வோர் ஊரிலும் கணக்குப்பிள்ளை வழிவழியாக வைத்திருந்த முறையில், தமிழ் எண்களிலும் தமிழ்ப் பின்னங்களிலும் ஓலையில் எழுதப்பட்டது அது. பின்னரே அதன் சுருக்கம் ஆங்கிலத்தில் பெயர்ந்தது. ஆகவே ஒரே செய்திக்கு இரண்டு வடிவங்கள் உண்டாயின. ஒன்று ஊரார் எண்ணியது. மற்றொன்று கம்பெனியார் படித்தது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரமே நமது பாடம்.

முதலில் அளவைகளைப் பாருங்கள். சென்னைக் காணி என்பது 57,600 சதுர அடி; அதாவது 2,400 சதுர அடி மனைகள் 24 கொண்டது. நெல்லுக்குக் கலம், மரக்கால், படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் மரக்கால் என்ற பெயர் எல்லா ஊரிலும் ஒன்றாயினும் அதன் கொள்ளளவு ஒன்றன்று. பெயரை நம்பிக் கூட்டினால், சிறிய மரக்காலையும் பெரிய மரக்காலையும் கூட்டிய பாவம் நம்மைச் சேரும். இன்றைய ஆய்வுகளில் ‘பொட்டலம்’ என்றும் ‘குடும்பம்’ என்றும் எழுதுகின்றனரே, அவற்றுக்கும் இது பொருந்தும். ஒருவர் குடும்பம் என்று ஓர் அடுப்பைக் குறிப்பார். மற்றொருவர் ஒரு வீட்டைக் குறிப்பார். பார்னார்டு கணக்கில் எண்ணப்பட்டவை வீடுகள், ஆட்களல்ல. வீட்டை ஐந்தால் பெருக்கி மக்கள்தொகை சொல்பவர், அந்த ஐந்தைத் தாம் கொண்டுவந்து சேர்த்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்து, சொற்கள். விளைச்சலிலிருந்து பங்கு பிரிக்குமுன் கோயிலுக்கும், தலையாரிக்கும், நீர் பாய்ச்சுவோனுக்கும், தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார் ஆகியோருக்கும், கணக்குப்பிள்ளைக்கும் உரிய நெல் அளக்கப்படும். இந்த உரிமைப் பங்கிற்கு அக்காலத்து இச்சீமையில் வழங்கிய பெயர் ‘சுதந்திரம்’. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நெஞ்சில் 1947-ஆம் ஆண்டு தோன்றும். ஓலை எழுதியவர் நெஞ்சில் தோன்றியது களத்துமேட்டு நெற்குவியல். சொல் ஒன்றாயிருக்கப் பொருள் மாறிப்போவதைக் கவனியாமல் அட்டவணையைப் படிப்பவன் எவ்வளவு தொலைவு வழி தவறுவான் என்று எண்ணிப் பாருங்கள். அதுமட்டுமன்று. ஊராருக்கு இந்தச் சுதந்திரம் என்பது ஊர்ப்பணி செய்வோர்க்குக் கொடுக்கும் ஊதியம். வரி தண்ட வந்த அதிகாரியின் கண்ணுக்கோ, அது வருவாயில் விழும் கழிவு. ஒரே நெல்லை ஊதியம் என்று தலைப்பிட்டு எழுதினால் அது காக்கப்படவேண்டியதாகத் தோன்றுகிறது. கழிவு என்று தலைப்பிட்டு எழுதினால் குறைக்கப்படவேண்டியதாகத் தோன்றுகிறது. அட்டவணையின் தலைப்பை எழுதும்போதே பாதி விளக்கம் எழுதப்பட்டுவிடுகின்றது.

மூன்றாவது, விடை சொல்வோரின் மனம். கம்பெனியின் ஆள் ஊருக்குள் வந்து, “உங்கள் விளைச்சல் எவ்வளவு?” என்று கேட்டால், வரி ஏறுமோ என்று அஞ்சுபவன் குறைத்துச் சொல்வது இயல்பு. “உங்கள் மானியம் எவ்வளவு?” என்று கேட்டால், கணக்கில் ஏறியது நாளைக்கு உரிமையாகுமே என்று கூட்டிச் சொல்வதும் இயல்பு. ஆக ஒரே ஓலையில் ஒரு வரிசை கீழே சாயும், மற்றொரு வரிசை மேலே சாயும். இரண்டையும் ஒரே அளவு நம்புவதும் தவறு. இரண்டையும் ஒரே அளவு ஐயுறுவதும் தவறு. மாத வருமானம் என்ன என்று இன்று கேட்டுப் பாருங்கள், அதே மனிதரிடம் ஆண்டுக்கு எத்தனை நூல் படிக்கின்றீர் என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் விடை சுருங்கும், இரண்டாவது விடை விரியும்.

ஓலையில் முந்திரி வரை கணக்குண்டு. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இவ்வளவு நுண்மையாக எழுதியிருப்பதனால் அது அவ்வளவு மெய் என்று கொள்ளலாமா? நுண்மை வேறு, மெய்ம்மை வேறு. நூற்றுக்கு 37.46 பேர் இந்தச் சோப்பை விரும்புகின்றனர் என்று எழுதும் மாணவன் கேட்டது நாற்பது பேரைத்தான் எனின், அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள இரண்டு இலக்கங்களும் அணிகலன்களேயன்றி அறிவல்ல. ஐந்தே வீடுள்ள ஊரில் இரண்டு வீட்டார் நெசவாளராயிருப்பின் ‘நூற்றுக்கு 40 பேர் நெசவாளர்’ என்று எழுதுவதும் அத்தகையதே. அங்கே ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதுவதுதான் நேர்மை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து சராசரி என்னும் எளிய கணக்கில் இருக்கின்றது. பார்னார்டு கணக்கில் விளைச்சல் ஓர் ஆண்டுக்கு மட்டும் கேட்கப்படவில்லை; முன்னைய ஐந்தாண்டுகளுக்குக் கேட்கப்பட்டது. அது அறிவுடைய செயல். ஏனெனில் இது ஏரிப்பாசனச் சீமை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஏரி நிரம்பும். பொய்த்தால் களத்தில் காற்றுத்தான் அளக்கலாம். இப்போது கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு கற்பனைக் கணக்குச் சொல்கின்றேன். ஓர் ஊரில் ஐந்தாண்டு விளைச்சல் முறையே 95, 105, 100, 98, 102 கலம். மற்றோர் ஊரில் 180, 20, 150, 30, 120 கலம். கூட்டிப் பாருங்கள், இரண்டும் 500. சராசரி இரண்டிற்கும் 100. சராசரியில் பாதி, அதாவது ஆண்டுக்கு 50 கலம், தவறாமல் வரி கட்டவேண்டும் என்று விதித்தால், முதல் ஊரார் முணுமுணுத்தாவது கட்டிவிடுவர். இரண்டாவது ஊரார், விளைந்ததே 20 கலமாகிய ஆண்டில் 50 கலத்திற்கு எங்கே போவர்? விதைநெல்லை விற்பர், மாட்டை விற்பர், பிறகு ஊரைவிட்டுப் போவர். மேசைமேல் சமமாகக் கிடக்கும் இரண்டு சராசரிகள், நிலத்தின்மேல் ஒன்று வாழ்வாகவும் ஒன்று அழிவாகவும் முடியும்.

இது வெறும் கற்பனையென்று எண்ணவேண்டா. 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் இச்சீமை பாழாயிற்று. அதனைத் தொடர்ந்து பஞ்சமும் வந்தது. 1794-இல் லயனல் பிளேஸ் என்பவர் இங்கே கலெக்டராக வந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை இராமலக்குவர் காத்துநின்ற காட்சியைக் கண்டவர் என்று ஏரிகாத்த இராமர் கோயில் வரலாற்றில் பேசப்படுகின்றாரே, அவர்தாம். ஏரிகளைச் செப்பனிட்டார், வருவாயையும் மிக உயர்த்தினார். அதனை எதிர்த்து மிராசுதாரர்கள் பலர் நிலத்தை உழாமல் விலகிச் சென்றனர். 1799-இல் அவர் எழுதிய நீண்ட அறிக்கை இச்சீமையைப் பற்றிய அரிய ஆவணம். ஆனால் தாம் செய்தது சரியென்று காட்டவேண்டிய ஒருவர் எழுதிய ஆவணம். பின்னர் 1802-இல் இச்சீமை மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு, என்றும் மாறாத நிலைத்த வரியோடு ஏலத்தில் விற்கப்பட்டது. முந்தைய வசூல்களை ஒட்டியே அவ்வரி கணிக்கப்பட்டது. மழை மாறும் நாட்டில் மாறாத வரி! வாங்கியவர் பலர் சில ஆண்டுகளிலேயே கட்டமுடியாமல் நொடித்துப்போக, மிட்டாக்கள் மீண்டும் கம்பெனியிடமே வந்தன. எண்ணைத் தவறாகப் படித்ததன் விலையை, படித்தவர் மட்டுமன்றி எண்ணப்பட்டவரும் கொடுத்தனர்.

இனி, எண்களைக் காட்டும் முறையைப் பற்றி ஒரு சொல். செங்கற்பட்டுக் கணக்கு முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1786-இல், இலண்டனில் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்து பிற நாடுகளோடு நடத்திய வாணிகத்தை, எண்களின் நீண்ட பட்டியலாகக் கொடாமல் கோடுகளாக வரைந்து காட்டினார். கிழக்கிந்திய வாணிகமும் அதில் ஒரு படமாக இடம்பெற்றது. அந்நூலில் 44 படங்கள். அவற்றுள் 43 கோட்டுப் படங்கள். ஒன்று மட்டும் பட்டைப் படம். காரணம் என்ன? ஸ்காட்லாந்தின் வாணிகத்திற்கு அவரிடம் ஓராண்டுக் கணக்கே இருந்தது. ஓராண்டுக் கணக்கைக் கொண்டு ஏறுகிறது, இறங்குகிறது என்று கோடிழுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு நாட்டிற்கும் பட்டைகள் வரைந்தார். அப்படி வரைந்ததை அவரே அரைமனத்தோடுதான் வெளியிட்டார். எனக்கென்னவோ அந்தப் படத்தின்மேல்தான் மதிப்பு அதிகம். கையிலுள்ள செய்தி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் படத்தை அவர் பேசவைக்கவில்லை. 1801-இல் வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் படமும் அவராலேயே வந்தது. அதுமுதல் படம் வரையும் ஆசை உலகெங்கும் பரவிற்று. அதனோடு கண்கட்டும் பரவிற்று.

திருப்போரூரில் ஒரு கடையின் விற்பனை ஓராண்டில் 96 மூட்டையாகவும் அடுத்த ஆண்டில் 100 மூட்டையாகவும் இருந்ததென்று வைத்துக்கொள்வோம். பட்டைப் படத்தைச் சுழியிலிருந்து தொடங்கினால் இரண்டு பட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே உயரம். 95-இலிருந்து தொடங்கினால் முதற் பட்டை ஓர் அங்குலம், இரண்டாம் பட்டை ஐந்து அங்குலம். எண் பொய்யில்லை, கோடும் கோணலில்லை. ஆயினும் பார்ப்பவன் விற்பனை ஐந்து மடங்காயிற்று என்று நம்பிப் போவான். கடைக்காரரின் மகனே அந்தப் படத்தைக் கண்டு இரட்டிப்புச் சரக்குக்குப் பணம் கட்டிவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

பார்னார்டு கணக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மறுபடியும் படிக்கப்பட்டது. காந்திய அறிஞர் தரம்பால், சென்னை ஆவணக் காப்பகத்திலிருந்த ஆங்கிலச் சுருக்கங்களைக் கண்டெடுத்து ஆராய்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றுமுன் தம்மைத் தாமே நிருவகித்துக்கொண்டு செழிப்பாயிருந்த ஊர்களை அவர் அதில் கண்டார். அமெரிக்க வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் 1994-இல் வெளியிட்ட நூலில், இச்சீமையின் ஆவணங்கள் ஆங்கில அதிகாரிகளும் உள்ளூர் மக்களும் ஒருவரோடொருவர் உரையாடி உருவாக்கியவை என்று வேறு வகையாகப் படித்தார். ஒருவர் கேட்டது, “ஊர் எப்படி இருந்தது?” என்பது. மற்றவர் கேட்டது, “இவ்வறிவு எப்படிப் பிறந்தது?” என்பது. கேள்வி வேறு, ஆகவே விடையும் வேறு. ஒருவரைப் படித்தபின் மற்றவரையும் படிப்பவர்க்கே இச்சீமை விளங்கும்.

சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தார் 2001-இல் ஒரு பணி செய்தனர். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஓலைக் கணக்கை முழுமையாகப் பதிப்பித்தனர். இரண்டாயிரம் ஊர்களின் கூட்டுத்தொகையில் கரைந்து மறைந்துபோகும் செய்தி, இரண்டு ஊர்களை நெருங்கிப் பார்க்கும்போது எழுந்து நிற்கின்றது. இன்ன தெருவில் இன்ன வீடு, இன்னார்க்கு இவ்வளவு மானியம் என்னும்போதுதான் எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரிகின்றது.

அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. அங்கே செல்லும் வாய்ப்புக் கிடைக்கும் மாணவர்கள் தமிழ் எண்களையும் பின்னங்களையும் முன்கூட்டியே பழகிக்கொண்டு செல்வது நன்று. காணி என்னும் சொல் நில அளவையையும் குறிக்கும், எண்பதில் ஒரு பங்கையும் குறிக்கும். எங்கே எது என்னும் மயக்கம் முதல் ஓலையிலேயே உங்களுக்காகக் காத்திருக்கும்.